ஆமா போட்டவள்

சனிக்கிழமை மேட்னி. ஜங்ஷனில் இறங்கி
வெயிலோடு நடந்து போனோம்,
நானும் உடுக்கைத் தளவாயும்.
டிக்கெட் வேண்டாம், பாஸ் இருக்கிறது என்றார்கள்.
பாஸில் என் பேர் பேச்சி என்றிருந்தது.
போகட்டும், பேச்சிக்கும் பேராச்சிக்கும்
எங்கள் ஊர்க் கோயிலில் அடுத்தடுத்த பீடம்தான்.

திரையில் வந்தார்
வில்லிசை வேந்தர் மூலைக்கரைப்பட்டி ஆவுடைக்கண்.
இப்போது ஆறடி உயரம்.
கன்னத்தில் அம்மைத் தழும்பு இல்லை,
வெற்றிலைக் கறைகூட அளவாக.
அந்தத் தம்பி நல்ல தம்பி.
பதினோரு நாள் எங்களோடு உட்கார்ந்து
வீசுகோல் பிடிக்கப் படித்தான்,
விரல் கொப்பளித்தும் விடவில்லை.
மணி குலுங்குகிறதே, அது மட்டும் நிஜம்.

கொடை நடக்கிற இடம் தேனிப் பக்கம் எடுத்ததாம்.
ஒரு பனைகூட இல்லாத சுடலை கோயிலை
இன்றுதான் பார்த்தேன்.

காதல் தோற்றுக் குடித்தார் என்கிறது படம்.
கடைவாய்ப் பல்வலிக்குக் குடித்தார்.
அம்பாசமுத்திரத்தில் பல்லைப் பிடுங்கிய பிறகும்
வலி போனது தெரியாதவர்போலக் குடித்தார்.
தளவாய் இருட்டில் சிரித்துவிட்டான்.
முன் வரிசையில் ஒருத்தி திரும்பி முறைத்தாள்.
அவள் அழுதுகொண்டிருந்தாள்.

என்னை ஒரு மணி நேரம் தேடினேன்.
குடம் தட்டும் சொரிமுத்துவோடு சேர்த்து
ஒரே ஆளாக்கியிருந்தார்கள்.
"நேரம் பத்தலைம்மா, ரெண்டு பேரை ஒருத்தராக்கிட்டோம்"
என்று முத்திரைத்தாளை நீட்டும்போதே சொன்னான்
அந்த உதவி டைரக்டர்.
நான்தான் எழுத்துக்கூட்டிப் பார்க்காமல்
கையெழுத்துப் போட்டேன்.
பதினைந்தாயிரம். கூரைக்குத் தகரம் ஆச்சு.
ஆக, நான் இப்போது மீசை வைத்த காமெடியன்.
குடத்தைத் தட்டுகிறேன், தடுக்கி விழுகிறேன்,
ஜனம் கைதட்டுகிறது.

இருபத்தாறு வருஷம்
அவர் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.
ராசா வேட்டைக்குப் போனான் என்பார்.
ஆமா என்பேன்.
போன ராசா வழி தப்பினான் என்பார்.
ஆமா, வழி தப்பினான்.
பொய்யோ மெய்யோ, ஆமா விழாமல் கதை நகராது.
அவர் மூச்சு வாங்க அந்த இடம்தான்.
எப்போது இருமல் வரும்,
எந்த ஊர் தர்மகர்த்தாவைக் கண்டு அடியை மாற்றுவார்,
அவர் தோள் சொல்லிவிடும், நான் முந்திக்கொள்வேன்.
களக்காட்டுக் கொடையில் ஒருமுறை
நாலு ஆமா நானே தொடர்ந்து போட்டேன்.
மனுசன் உட்கார்ந்தபடி உறங்கிவிட்டார்.

படத்தில் மேடையில் சாகிறார்.
மழை, மின்னல், நாண் அறுகிறது.
கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார்:
"நான் ஒரு நாளும் காசுக்காகப் பாடலை மக்கா."

சொல்லிவிட்டு நிறுத்தினான் தம்பி.
நாங்கள் சொல்லிக்கொடுத்த அதே நிறுத்தம்,
அதே அளவு மூச்சு.
தியேட்டர் இருட்டுக்குள்
அந்த இடம் எனக்காகத் திறந்து கிடந்தது.
என் வாய் பாதி திறந்துவிட்டது.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. மூக்கில் குழாய்.
மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்தவர்
விடியக்காலம் கண் திறந்து கேட்டார்:
"வீரவநல்லூர்க்காரன் பாக்கியைத் தந்துட்டானா பேராச்சி?"
தரவில்லை.
ஆமா என்றேன்.
அதுதான் அவருக்கு நான் போட்ட கடைசி.

தியேட்டரில் வாயை மூடிக்கொண்டேன்.
அவர் சொன்னதற்கு ஆமா போடலாம்,
அவர் சொல்லாததற்கு எப்படிப் போட?
ஒரு கணம் திரை ஏதோ காத்திருந்ததுபோல் இருந்தது.
பிறகு வயலின்கள் வந்து நிரப்பிவிட்டன.

வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது
தளவாய் கேட்டான்:
"எக்கா, வீரவநல்லூர்ல இறங்கிக் கேட்டுப் பாப்பமா?
எட்டாயிரம்லா, வட்டி வேண்டாம்."

ஊர் முழுக்கப் போஸ்டர்.
அந்த ஆளும் படம் பார்த்திருப்பான்.
காசுக்காகப் பாடலை என்று
அவரே சொல்லிவிட்டாரே,
இனி எங்கே தரப் போகிறான்.